நகர்த்தத் தேவை எழவில்லை

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில் இருபத்திரண்டு கார்கள் நிற்கலாம். கட்டட வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தினமும் வந்தவை முப்பத்தொன்று. மீதி ஒன்பதை எங்கே நிறுத்துவது என்று வரைபடம் போட்ட மகானுபாவரைக் கேட்டால் தலையைச் சொறிவார். பார்க்கிங் அக்காவைக் கேட்டால் உடனே சொல்வாள்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் கிடையாது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அடுத்தவர் கார்களை இடம் மாற்றுவாள், வெறும் கையால். பதினான்கு வருடத்தில் ஒரு வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதற்காக அவளை யாரும் பாராட்டியதும் இல்லை. கீறல் விழாத காரைப் பார்த்து யார் என்ன சொல்வார்கள்?

முறை இதுதான். சுவரைப் பார்த்தபடி வரிசையாக இருபத்திரண்டு கார்கள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் குறுக்கே, ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு ஒன்பது. குறுக்கே நிற்கும் ஒன்பதும் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. சக்கரம் நேராக இருக்க வேண்டும். உள்ளே நிற்கும் வண்டி வெளியே வரவேண்டுமானால், குறுக்கே நிற்பதை அக்கா இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளுவாள். தரை மட்டமாக இருந்ததால் அது சாதுவாக ஒரு கார் நீளம் போய் நிற்கும். சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவாள். முடிந்தது வேலை. சாவியை மட்டும் யாரிடமும் வாங்குவதில்லை. சாவி கைக்கு வந்தால் பொறுப்பு வரும், பொறுப்பு வந்தால் பழி வரும் என்பது அவள் கணக்கு.

அவள் முதலில் அந்த முற்றத்தைப் பெருக்கத்தான் வந்தாள். வந்த மூன்றாம் நாள், பெருக்க வேண்டிய குப்பையின் மேல் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. கோபத்தில் அதை ஒரு தள்ளு தள்ளினாள். கார் போய்விட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பெரிய சாமானை, இத்தனை பேர் பயந்து பயந்து ஓட்டுகிற சாமானை, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே நகர்த்தலாமா? அன்றிலிருந்து பெருக்குவது குறைந்தது, தள்ளுவது கூடியது. இரண்டு வருடத்தில் விளக்குமாறு வேறொருத்தியின் கைக்குப் போனது. அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

வீட்டில் இந்த உத்தியோகத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. வீட்டுக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "வண்டிய ஓட்டணும். தள்ளுறது ஒரு வேலையா?" என்பார். கிளட்ச் மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்து போய், இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். ஸ்டூலின் மேல் காலை நீட்டிக்கொண்டு, கிளட்ச் இல்லாத வண்டிகளைத் திட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கிளட்ச்தான் தன் காலைத் தின்றது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மகள் வேறு ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஆக, வீட்டில் அடுப்பு எரிவதும் மகள் படிப்பதும் அந்தத் தள்ளுகிற வேலையால்தான். அக்கா இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

முதல் ஆட்டோமேட்டிக் கார் தரைத்தளத்துப் பல் டாக்டருடையது. புதுசு, பளபளவென்று வந்து குறுக்கு வரிசையில் நின்றது. பத்து மணிக்கு அக்கா வழக்கம்போல இடுப்பைக் கொடுத்தாள். நகரவில்லை. தோளைக் கொடுத்தாள். தோள்தான் பிசகியது. நோயாளியின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு டாக்டர் ஓடி வந்து வண்டியை எடுத்தார். அவருக்கும் காரணம் தெரியவில்லை. "கம்பெனிக்காரன் 'பி'-ல போட்டுட்டு இறங்குன்னான்க்கா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா விடுகிற ஆளில்லை. வண்டியோடு வந்த கையேட்டை டாக்டரிடம் வாங்கி, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் படம் படமாகப் பார்த்தாள். எட்டாவது வரை படித்த ஆங்கிலம் எழுத்துக் கூட்டுவதற்குப் போதுமாயிருந்தது. மிச்சத்தை, பழுதான வண்டியை இழுத்துப் போக வந்த ஒரு மெக்கானிக்கைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். அவன் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினான். 'பி' போட்டால் கியர் பெட்டிக்குள்ளே ஒரு பல்சக்கரத்தில் கொக்கி ஒன்று போய் விழும். அப்புறம் பத்து பேர் தள்ளினாலும் முன்சக்கரம் உருளாது. 'ஆர்' பின்னால் போக. 'என்' என்றால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் தள்ளினாலும் போகும். 'டி' முன்னால் போக. மற்ற கியரையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே மெல்ல ஊர ஆரம்பித்துவிடும். கடைசியில் ஒரு 'எல்', ஏற்ற இறக்கத்துக்கு.

சிக்கல் இதுதான். 'பி'க்குப் போகாமல் சாவி வெளியே வராது. 'பி'யிலிருந்து வெளியே வர இன்ஜினைப் போட்டுப் பிரேக்கை மிதிக்க வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நியூட்ரலில் விட்டுப் போக வழியே இல்லையா? இருந்தது. லீவரின் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மூடி. அதை நெம்பி எடுத்து, உள்ளே சாவி நுனியால் அழுத்திக்கொண்டே இழுத்தால் லீவர் 'என்'னுக்கு வந்துவிடும். கார் வாங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த மூடியை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஆட்டோமேட்டிக் வண்டி எது வந்தாலும் அக்கா ஜன்னலோரம் போய் நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்: "பிரேக்க மிதிச்சுக்கோங்க, 'பி'-க்குக் கொண்டு போங்க, வண்டிய அணைங்க, சாவிய எடுங்க, அந்தச் சின்ன மூடிய நெம்புங்க, உள்ள அழுத்திக்கிட்டே 'என்'-க்கு இழுங்க, ஹேண்ட்பிரேக் வேணாம், சக்கரம் நேரா இருக்கட்டும், போயிட்டு வாங்க." யாராவது மூடி விஷயத்தை மறந்து அவசரத்தில் இறங்கிப் போனால், பின்னாலிருந்து பார்த்தே கண்டுபிடிப்பாள். 'டி'யிலிருந்து 'பி'க்குப் போகும் வழியில் லீவர் 'ஆர்'ரைத் தாண்டித்தான் போக வேண்டும்; அந்த ஒரு நொடி பின்னால் வெள்ளை விளக்கு மின்னி அணையும். விளக்கு மின்னியது, ஆனால் ஆள் குனியவில்லை என்றால், மூடியைத் தொடவில்லை என்று அர்த்தம். ஊதுவாள் விசில். வழக்கறிஞரோ ஆடிட்டரோ, பாதிப் படியிலிருந்து திரும்பி வருவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கட்டடத்துக்குப் புது மேனேஜர் வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வந்த இரண்டாவது வாரம் லிஃப்டுக்குள் ஏழு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார். அதில் ஒன்று, லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்பது. மூன்றாவது வாரம் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே கார்க்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். படித்ததால் வந்தது வினை.

அக்கா ஜன்னலோரம் போய் ஒப்பித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, வண்டிய விட்டு இறங்கும்போது 'பி'-லதான் இருக்கணும்னு புத்தகத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். நீங்க நியூட்ரல்ல விடச் சொல்றீங்க. உருண்டு போய் யாராவது மேல ஏறிச்சுன்னா?"

"கட்டை வெச்சிருக்கேன் சார். தரையும் மட்டம். பதினாலு வருஷமா..."

"பதினாலு வருஷமா தப்பு நடந்திருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை, நுழைவாயிலில் பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்பு தொங்கியது. 'பாதுகாப்பு கருதி, தானியங்கி வாகனங்கள் அனைத்தும் இனி "பி" நிலையில் மட்டுமே நிறுத்தப்பட வேண்டும். மீறினால் வளாகத்தில் அனுமதி இல்லை.' ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான். உலகத்தில் எந்த ஊரில், எந்தத் தெருவில் நிறுத்தினாலும் அது சரி. அந்த ஒரு முற்றத்துக்குத்தான் ஒத்து வராது. அந்த ஒரு முற்றத்துக்குத்தான் அவர் மேனேஜர்.

குறுக்கே நிற்கும் ஒன்பதில் இப்போது ஐந்து ஆட்டோமேட்டிக். ஐந்தும் கல்லு மாதிரி நின்றன. அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கட்டடமே கூச்சல் போட்டிருக்கும், அறிவிப்பு மத்தியானத்துக்குள் கிழிந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. முற்றத்தில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டு நின்றால், அது தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிற மாதிரி அவளுக்கு உடம்பு கூசும்.

எதிர்த்த டயர்க் கடையில் சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தாள். கொக்கி விழுவது முன்சக்கரத்துக்குத்தான், பின்சக்கரம் சும்மா உருளும் என்று அந்த மெக்கானிக் சொன்னது நினைவில் இருந்தது. காரின் முன்பக்கம் குனிந்து படுத்து ஜாக்கியை உள்ளே விட்டாள். கைப்பிடியை இருபது தடவை அடித்தாள். முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு நாலு விரல் எழும்பின. எழுந்து தள்ளினாள். ஜாக்கி கிறீச்சிட்டுக்கொண்டே வண்டியை ஏந்திப் போனது.

இடுப்பைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இப்போது பதினைந்து நிமிடம். ஒவ்வொரு தடவையும் தரையில் படுத்து எழ வேண்டும். பத்தே கால் மணிக்கு யார் கிளம்புவார், பதினொன்றுக்கு யார் கிளம்புவார் என்பது அவளுக்கு மனப்பாடம்; அவர்கள் இறங்கி வருவதற்கு முன்பே வழியைத் திறந்து வைத்துவிடுவாள். வந்தவர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சேலையில் கிரீஸ் ஏறியதும், முதுகு நிமிராமல் போனதும் வீட்டில்தான் தெரிந்தது.

"என்னடி இது, மெக்கானிக் மாதிரி வந்து நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

சொன்னாள். அவர் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

"அதான் நான் அன்னிக்கே சொன்னேன். கிளட்ச் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா? லாரிய நியூட்ரல்ல போட்டேன்னா ஒரு பச்சப் புள்ள தள்ளலாம்."

"உங்க லாரிய யாருங்க இப்ப கேட்டா? இடுப்புக்குத் தைலம் தேய்ச்சு விடுங்க."

மூன்று வாரம் இப்படி ஓடியது. நாலாவது திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். முகத்தில் வருத்தம்கூட இருந்தது. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'புதிய பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தபின் கடந்த மூன்று வாரங்களில் ஒரு புகார்கூட வரவில்லை. வாகனங்களை நகர்த்தத் தேவை எழவில்லை. எனவே வாகன நகர்த்து உதவியாளர் பணியிடம் இம்மாத இறுதியுடன் நீக்கப்படலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது.' வெள்ளிக்கிழமை கட்டடத்துக்குச் சொந்தக்காரரான முதலாளியம்மா வந்து கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

"உங்க மேல தப்பு எதுவும் இல்லம்மா. வேலையே இல்லாதப்ப ஆள் எதுக்குன்னு ஆடிட்ல கேப்பாங்க" என்றார் மேனேஜர்.

திட்டியிருந்தால் அக்கா திருப்பிப் பேசியிருப்பாள். கீறல் போட்டதாகப் பழி சொல்லியிருந்தால் முப்பத்தொரு வண்டியையும் காட்டியிருப்பாள். அவளே படுத்து எழுந்து, அவளே மூடி மறைத்து, அவளே தன் வேலைக்கு உலை வைத்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "வெள்ளிக்கிழமை அந்தம்மா கண்ணு முன்னாடி ஜாக்கிய போட்டுத் தூக்கிக் காட்டு. அசந்துருவாங்க."

"காட்டினா என்னாகும்? 'பி'-ல இருந்தாலும் நகருது, விதி நல்ல விதிதான்னு இன்னொரு தாள் எழுதுவார். ஜாக்கி வாங்கிப் போட்டுட்டு டயர்க் கடைக்காரனுக்கு வேலையக் குடுப்பார்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழமை நான் நாற்காலியவிட்டு எழுந்திரிக்கப் போறதில்ல."

பதினான்கு வருடத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. பெரிய காரியம்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளியம்மா தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது, கியர் மாற்றுகிற பழைய கார். சுவரோரம் தூண் பக்கத்தில் அவருக்கென்று விட்டிருந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "கண் டாக்டரப் பாக்கணும்மா, பன்னெண்டுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு இப்பத்தான் நேரம் குடுத்திருக்கார். பதினொன்றரைக்குக் கிளம்பிருவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மேலே போனார். அக்கா தலையை ஆட்டினாள்.

பத்தே காலுக்கு மேனேஜர் அவசர அவசரமாக வந்தார். முதலாளியம்மா முந்திவிட்டாரே என்ற பதற்றத்தில், குறுக்கு வரிசையின் முனையில், தூணை முட்டுகிற மாதிரி, முதலாளியம்மாவின் காருக்கு நேர் பின்னால் நிறுத்தினார். வெள்ளை விளக்கு மின்னி அணைந்தது. 'பி'. பத்து நிமிடம் கழித்து ஆடிட்டர் வந்து அவருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினார். வெள்ளை விளக்கு. 'பி'. ஆடிட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் காத்திருந்த நண்பரின் காரில் ஏறி வருமான வரி விசாரணைக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் வருவார். போகும்போது போனையும் அணைத்து வைத்தார், விசாரணை அறையின் விதி அது.

அக்கா எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். விசில் மடியில் கிடந்தது.

பதினொன்றரைக்கு முதலாளியம்மா கண் ஃபைலோடு இறங்கி வந்தார். பின்னாலேயே மேனேஜர், கையில் தாளோடு. இன்னும் கையெழுத்தாகவில்லை, கீழே போய்ப் போடுகிறேன் என்று அந்தம்மா சொல்லியிருந்தார். மேனேஜர் தன் காரைப் பார்த்ததும் சிரித்தபடி சாவியை எடுத்தார். "ஒரு நிமிஷம்மா." ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். முன்னால் தூண். பின்னால் ஆடிட்டர். லீவரை 'டி'க்கும் 'ஆர்'ருக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். வெள்ளை விளக்கு மின்னி மின்னி அணைந்தது. இறங்கினார்.

"ஏம்மா, அந்தப் பின்னாடி வண்டியக் கொஞ்சம் தள்ளுங்க."

"'பி'-ல இருக்கு சார். நகராது."

"இத்தனை நாளா எப்படி நகர்ந்துச்சு?"

"நகர்த்தத் தேவை எழவில்லைன்னு எழுதியிருக்கே சார்."

வேண்டுமென்று குத்திச் சொல்லவில்லை. பயத்தில் வேறு வார்த்தை வரவில்லை, நாலு நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாசகம் அப்படியே வந்துவிட்டது. முதலாளியம்மா தாளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேலேயிருந்து நாலு ஆம்பிளைகள் இறங்கி வந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடிட்டரின் காரைத் தள்ளினார்கள். கார் ஆடியது, முனகியது, ஓர் அங்குலம் நகரவில்லை. ஒருவர் டயரை உதைத்தார். இன்னொருவர் ஆடிட்டருக்குப் போன் போட்டார். மேனேஜர் கையைப் பிசைந்தபடி, "டாக்ஸி கூப்பிடட்டுமாம்மா?" என்றார்.

"டாக்ஸி இருக்கட்டும். என் கட்டடத்துல என் வண்டி ஏன் வெளிய வரமாட்டேங்குதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா.

கத்தவில்லை. வெயிலில் நின்றபடி, ஃபைலை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். கண் கூசியதில் தண்ணீராக வழிந்தது, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அதைத்தான் அக்காவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கத்தியிருந்தால் சாயங்காலம் வரைகூட உட்கார்ந்திருப்பாள்.

பதினொரு நிமிடம். அக்காவின் வேலைநிறுத்தம் அவ்வளவுதான். எழுந்தாள். தெருவைத் தாண்டி டயர்க் கடைக்குப் போய் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள். நாலு ஆம்பிளைகளும் விலகினார்கள். தரையில் படுத்தாள், ஆடிட்டர் காருக்கடியில் கையை விட்டாள், கைப்பிடியை அடித்தாள். முன்பக்கம் எழும்பியது. எழுந்து, புடவையை இழுத்துச் செருகி, முன்னாலிருந்து தள்ளினாள். கட்டடத்தின் ஐந்து மாடி ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. பல் டாக்டர் கையுறையோடு வந்து நின்று கைதட்டினார். பதினைந்து நிமிடத்தில் மேனேஜரின் காருக்கு இடம் கிடைத்தது, அவர் பின்னால் எடுத்தார், வழி திறந்தது.

"தினமும் இதத்தான் பண்றியா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"மூணு வாரமா மட்டும்மா. அதுக்கு முன்னாடி நியூட்ரல்ல விடுவாங்க, கையாலயே தள்ளிருவேன்."

முதலாளியம்மா தாளை மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து இல்லை. "இந்தம்மா போனா நானும் என் வண்டியும் இங்கயேதான் கிடக்கணும். அந்த நியூட்ரல் முறை என்னவோ, அத எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. பயிற்சி மாதிரி வெச்சிருங்க. வேலைக்கு முறையா ஆர்டரும் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்காரரும் அன்று சாயங்காலம் முழுக்கக் கிளட்சைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

முதலாளியம்மா சொன்னதை மேனேஜர் உண்மையாகவே நிறைவேற்றினார். சொன்னதை எழுத்தில் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பழைய அறிவிப்பு இறங்கியது, புதியது ஏறியது: 'இடநெருக்கடியைத் தீர்க்க மேலாளர் வகுத்துள்ள புதிய நியூட்ரல் திட்டம்.' புதன்கிழமை காலை பயிற்சி. கார்க்காரர்கள் முப்பது பேரும் அவருடைய காரைச் சுற்றி நின்றார்கள். அக்காவும் வரவேண்டும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள்.

மேனேஜர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார். பிரேக்கை மிதித்தார், 'பி'க்குப் போனார், அணைத்தார், சாவியை எடுத்தார். "இப்ப, லீவர் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும்" என்று, கையேட்டின் படத்தில் பார்த்திருந்தபடி வலது பக்கம் விரலை ஓட்டினார். இல்லை. முன்பக்கம் பார்த்தார். கப் வைக்கிற குழிக்குள் பார்த்தார். கழுத்தில் வியர்த்தது. யாரோ பின்னாலிருந்து இருமினார்கள். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

அக்காவுக்குத் தெரியும், இந்த மாடலில் மூடி இடது பக்கம், லீவரின் அடிமடியில். ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும், மூன்று வாரம் தரையில் படுத்ததற்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் தீர்ந்துவிடும். நிற்கவும் ஆசையாக இருந்தது. அந்த ஆசை நாக்கில் இனித்தது. ஆனால் அவளுடைய ஆர்டர் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, நாலாக மடித்து. மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

கதவைத் துடைக்கப் போவதுபோல் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இடது பக்கம் சார், அடியில" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு நொடி இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்லா கவனிங்க. நிறைய பேர் இத வலது பக்கம் தேடுவாங்க. தப்பு. இடது பக்கம், அடியில." லீவர் 'என்'னுக்கு வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஆர்டரை எடுத்து நீட்டினார். "புரிஞ்சுதாம்மா எல்லாம்?"

"புரிஞ்சுது சார். நல்லா சொல்லிக் குடுத்தீங்க."

அக்கா காரின் பானெட் மேல் வைத்துப் படித்தாள். பணியிடம், வாகன நகர்த்து உதவியாளர். பணி, நிரந்தரம். அந்த இடத்தில் கண் கலங்கியது. இரண்டு தடவை படித்தாள். தகுதி, மேலாளரிடம் நேரடிப் பயிற்சி பெற்றவர். தானியங்கி வாகனங்களில் முன் அனுபவம், இல்லை.

அந்த 'இல்லை'யின் மேல் விரலை வைத்தாள். சுருக்கென்றது. மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டியபடி நின்றார். அதை வாங்கி, 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே அக்கா கையெழுத்துப் போட்டாள்.